தோணிமேட்டுச் சுவரில் ஏழு கண்ணாடித் துண்டுகள்

முருகன் பேரைச் சொல்லிப் பேனாவைத் திறக்கிறேன். எனக்கு எழுத்து ஓடாது. பழைய எஸ்.எஸ்.எல்.சி., அதையும் இரண்டாம் தடவையில் தாண்டியவன். ஆனாலும் போன மாதத்தில் இருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். நான் வேலை பார்த்த நகராட்சி ஆபீஸில் இப்போது இருக்கிற இரண்டு இளம் என்ஜினீயர்கள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒரு தம்பி, ஒரு பாப்பா. தூத்துக்குடியில் தோணிமேட்டுப் பக்கம் இருக்கிற பழைய பங்களா வீடுகளுக்கு ஒரு பட்டியல் தயார் பண்ணுகிறார்களாம். பாப்பாவின் கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி. அதை அமுக்கினாள். எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. உடனே நீளத்தைச் சொல்லிவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலை அளக்கச் சொன்னேன். அடுக்களையை அளக்கச் சொன்னேன். பூஜை அறையில் செந்தூரான் படத்துக்கும் வாசலுக்கும் நடுவே எவ்வளவு என்று கேட்டேன். என் வீட்டுக்காரி, "வந்த பிள்ளைகளைக் காப்பி குடிக்க விடுதியளா இல்லியா?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

கிளம்புகிற நேரத்தில் அந்தத் தம்பி கேட்டார். விரிசல் விட்ட சுவர் இன்னும் அசைகிறதா, நின்றுவிட்டதா என்று அந்தக் காலத்தில் எதை வைத்துப் பார்த்தீர்கள்? கண்ணாடித் துண்டை வைத்து என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்த ஆபீஸில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். தினக்கூலி. வெயிலில் சங்கிலியை இழுத்து இழுத்து, ஆறு வருஷத்தில் கட்டட வேலைக்கு உதவியாளாக மாற்றினார்கள். அப்போதும் தற்காலிகம்தான். கல்யாணமாகி இரண்டு பெண்குழந்தைகள் ஆன பிறகும் வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் என் பேரை எழுதி மேலே அனுப்ப வேண்டியவர் என்ஜினீயர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு நேர் மேலே இருந்தவர் அருளப்பன் ஓவர்சியர். நாசரேத் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சட்டைப் பையில் ஒரு பெரிய இரும்புச் சாவி. அது எந்தப் பூட்டுக்கும் உள்ளதில்லை. சுவரைத் தட்டிப் பார்க்கிற சாவி. காதைச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டு சாவியால் மெல்லத் தட்டுவார். நாலு தட்டு, ஒரு அடி நகர்ந்து மறுபடி நாலு தட்டு. தட்டும்போது யாரும் பேசக்கூடாது. ஒரு தடவை தெருவில் போன ஐஸ்காரரை, "அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம் மணியடிக்காதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஐஸ்காரர் அப்படியே நின்றுவிட்டார், ஏதோ ஜெபம் நடக்கிறது என்று நினைத்து.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். அளவு எடுக்கிறவன் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அளவுப் புத்தகம் வைத்திருக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்வார். அளவெடுத்தவன் மறுபடியும் சொல்ல வேண்டும். மூன்று தடவை ஒன்றாக இருந்தால்தான் பேனா தாளில் படும். "பதினாலே கால்." "பதினாலே கால்." "பதினாலே கால்." இப்படி நாள் முழுக்க. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இருந்து புதிதாக வந்த என்ஜினீயர் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அருளப்பன், பஜனை மடமா நடத்தறீங்க?" என்று கேட்டார். ஓவர்சியர் சிரித்தார். அடுத்த அளவையும் மூன்று தடவைதான் சொல்ல வைத்தார்.

என்ஜினீயர் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு பழைய சுவர் விழுந்து ஆள் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். அதில் இருந்து விரிசல் என்றாலே அவருக்கு ஆகாது. புதுத் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. ஊரெல்லாம் புதுக் கட்டடம், சிமெண்டு மூட்டை, லாரி. அந்த ஐப்பசியில் மழைக்கு முன்னால் ஆபத்தான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பட்டியலில் முதல் பேர் தோணிமேட்டில் பிலோமினா டீச்சர் வீடு.

தோணிமேடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்கு வடக்கே, கடலை ஒட்டிய மணல் மேட்டில் நாலு தெரு. அன்றைக்கு நூறு வருஷத்துக்கு முன்னால், பழைய ஊருக்குள்ளே காற்றில்லை, நெரிசல் என்று, பஞ்சு வியாபாரத்தில் இருந்த வெள்ளைக்காரர்களும், தோணி வைத்திருந்த நம் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களும், பனங்காட்டில் இருந்து வந்த வியாபாரிகளும் ஊரைத் தாண்டிப் போய்க் கட்டிக்கொண்ட குடியிருப்பு. உயரமான படிகள், வளைவு வளைவாக வராந்தா, சாய்ந்த பலகை வைத்த பச்சைக் கதவுகள். அதற்கு முன்னால் நான் அந்தத் தெருக்களில் சைக்கிளில் போயிருக்கிறேன், வந்திருக்கிறேன். வீடுகளைப் பார்த்ததில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டீச்சர் வீட்டில் இரண்டே பேர். டீச்சரும் அவர் அண்ணன் லூர்து தண்டலும். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தலைவராக இருந்தவரைத்தான் தண்டல் என்போம். இடுப்பில் அடிபட்டுக் கரையோடு நின்றுவிட்டார். நாங்கள் முதல்நாள் போனபோது டீச்சர், அளந்து முடிக்கும்வரை வாசலில் நின்றிருந்தார். பிறகு, "தம்பி, இதை விட்டா எங்களுக்கு வேற இடம் கிடையாது. நிஜத்தைப் பாத்து எழுதுங்க. அது போதும்" என்றார்.

அந்த வீட்டின் மேற்குச் சுவரில் விரிசல். தரையில் இருந்து ஜன்னல் வளைவைத் தாண்டி மின்னல் கோடு மாதிரி. ஓவர்சியர் சாவியால் தட்டினார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டார். "ரெண்டு சத்தம் கேக்கு. கண்ணாடி வைச்சுப் பாப்போம்" என்றார்.

கண்ணாடி வைப்பது இப்படி. ஜன்னல் கண்ணாடியை விரல் நீளத்துக்கு, விரல் அகலத்துக்கு வெட்ட வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே பாலம் போல வைத்து இரண்டு முனையையும் சிமெண்டுப் பசையால் ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். பதினைந்து நாள் பார்க்க வேண்டும். சுவர் அசைந்தால், அது தலைமுடி அளவு அசைந்தாலும், கண்ணாடி வளையாது, உடையும். உடையாவிட்டால் விரிசல் பழசு, சுவர் நிற்கிறது. கண்ணாடி பொய் சொல்லாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஓவர்சியர் என்னிடம் அதைத் தெளிவாகச் சொன்னார்: "மேல்பூச்சைக் கொத்தி எடுத்துட்டு, கல்லைக் கண்ணால பாத்த பிறகு ஒட்டணும். சரியா?" அவருக்கு அன்றைக்கு வேறு இடத்தில் வேலை. என்னிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு என்ன நாள் என்றால், கந்தசஷ்டி ஐந்தாம் நாள். நான் ஐந்து நாளாகப் பால் பழத்தில் இருக்கிறேன். மறுநாள் திருச்செந்தூரில் சூரசம்காரம். கல்யாணமான வருஷத்தில் இருந்து ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. சாயங்காலம் பஸ் பிடித்தால்தான் கடற்கரையில் நிற்க இடம் கிடைக்கும்.

உளியை வைத்து அடித்தேன். பூச்சு பாறை மாதிரி இருந்தது. டீச்சரின் அப்பா இருந்தபோது, சுண்ணாம்பு பழசாகிவிட்டது என்று வெளிச்சுவர் முழுக்கச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் கொத்துவதற்குள் உளி மழுங்கிவிட்டது. ஏழு இடம் இருக்கிறது. வெயில் இறங்குகிறது. வயிறு காலி. இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, இதுவும் சுவர்தானே என்று தோன்றியது. வெளியே ஆறு துண்டையும் பூச்சு மேலேயே ஒட்டினேன். ஏழாவதை வீட்டுக்கு உள்ளே, அதே சுவரின் உள்பக்கம், அதே விரிசல் ஜன்னல் வளைவுக்கு மேலே தெரிந்த இடத்தில் ஒட்டினேன். உள்ளே சிமெண்டு கிடையாது, பழைய சுண்ணாம்புதான். அதை விரலால் சுரண்டினாலே கல் தெரிந்தது.

பிறகு புத்தகத்தைத் திறந்தேன். 'ஒட்டிய இடம்' என்று ஒரு கட்டம். ஏழு வரியிலும் 'கல்' என்று எழுதினேன். அன்றைக்குத் திருப்பிச் சொல்ல யாரும் இல்லை. நான் சொன்னேன், நானே எழுதினேன்.

தண்டல் வராந்தாவில் சாய்ந்திருந்தார். "என்ன வே செந்திலு, எங்க வீட்டுக்கு ஜாதகம் கணிக்கியோ?" என்றார். பதினைந்து நாளில் சொல்கிறேன் அண்ணாச்சி என்று சைக்கிளை மிதித்தேன். பஸ் கிடைத்தது. மறுநாள் அந்தக் கூட்டத்தில் மணலில் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி, "முருகா, டீச்சர் வீட்டுக் கண்ணாடி உடையக்கூடாதுப்பா" என்று கேட்டேன். மனசாரக் கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொத்தி எடுக்க வேண்டியதைக் கொத்தாமல் விட்டுவிட்டு, மீதியை அவன் தலையில் வைத்திருக்கிறேன்.

எட்டாம் நாள் பார்வைக்கு ஓவர்சியரும் நானும் போனோம். வெளியே இருந்த ஆறும் உடைந்திருந்தன.

உள்ளே போய்ப் பார்க்கக்கூட இல்லை. ஓவர்சியர் முகம் சுருங்கிவிட்டது. ஆறு உடைந்தால் ஏழாவது எதற்கு? ஆபீஸுக்குத் திரும்பினோம். என்ஜினீயர் புத்தகத்தைப் பார்த்தார். 'கல்' என்று ஏழு தடவை இருந்தது. அதற்குக் கீழே, என்னை நம்பி, ஓவர்சியர் கையெழுத்து இருந்தது. அன்றைக்கே உத்தரவு தயார். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். திங்கட்கிழமை இடிக்க ஆள் வரும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நிஜந்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் உள்ளே போய், ஹாலில் சுவருக்குள்ளே குடைந்திருந்த மாடத்தில் இருந்து மாதா சுரூபத்தை, அதாவது மாதா சிலையை எடுத்து, பழைய சேலை ஒன்றில் சுற்றினார். அந்த மாடத்தில் அந்தச் சுரூபம் இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

தண்டல்தான் பேசினார். எரிச்சலில் பேசினார். "ஏய் செந்திலு, எனக்கு ஒண்ணு புரியல. உங்க கண்ணாடிப்படி, வெளிய நின்னு பாத்தா வீடு விழுந்தாச்சி. உள்ள வந்து பாத்தா வீடு நிக்கி. நாங்க வெளிய போணுமா, உள்ள இருக்கணுமா? அதையாவது எழுதித் தாரும் வே."

என்ன அண்ணாச்சி சொல்லுதிய என்றேன். அவர் கம்பால் உள்சுவரைக் காட்டினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஏழாவது துண்டு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

ஒரே சுவர். ஒரே விரிசல். வெளிமுகம் அசைந்து உள்முகம் அசையாமல் எப்படி இருக்கும்? சுவர் அசையவில்லை. மேலே பூசிய சிமெண்டுத் தோல்தான் கல்லைப் பிடிக்காமல் உப்பி நின்று, வெயிலில் விரிந்து ராத்திரிக் குளிரில் சுருங்கி அசைந்திருக்கிறது. நான் கண்ணாடியை ஒட்டியது அந்தத் தோலில். ஓவர்சியர் கேட்ட இரண்டு சத்தம் அதுதான், ஒன்று தோல், ஒன்று சுவர். சந்தோஷம் ஒரு பக்கம். அடுத்த நிமிஷமே புத்தகம் ஞாபகம் வந்தது. இதைச் சொல்ல வேண்டும் என்றால், புத்தகத்தில் நான் எழுதியது பொய் என்றும் சொல்ல வேண்டும். நிரந்தரப் பட்டியல் அந்த வாரம்தான் மேலே போகிறது.

சைக்கிளை மிதித்தேன். வழியில் முருகனைக் கூப்பிட்டேன், ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

என்ஜினீயர் அறையில் ஓவர்சியரும் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சஷ்டி, பஸ், உளி, எல்லாம். என்ஜினீயர் சிவந்துபோனார். "ஏப்பா, புத்தகத்துல கல்லுன்னு எழுதியிருக்கியே?" என்றார். ஓவர்சியர் மேஜைமேல் இருந்த புத்தகத்தை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அளவு எடுக்கும்போது கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"எங்க ஒட்டின?"

"பூச்சுல சார்."

"பூச்சுல."

"பூச்சுல."

ஆறு வரியிலும் 'கல்' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து 'பூச்சு' என்று எழுதினார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். என் பிழைக்குப் பக்கத்தில் அவர் பேர். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

என்ஜினீயர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, பதினைந்து நாள் தருகிறேன் என்றார். அதுவரை டீச்சரும் தண்டலும் அந்தச் சுவர்ப் பக்கம் படுக்கக்கூடாது, பின்கட்டில் இருக்க வேண்டும். ஒரு கண்ணாடி உடைந்தாலும் இடிப்பதுதான். பட்டியலில் என் பேரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த வருஷப் பட்டியலில் என் பேர் போகவில்லை. அடுத்ததில்தான் போனது. அது நியாயம்தான்.

இனிமேல்தான் நான் சொல்ல ஆசைப்பட்ட இடம் வருகிறது.

இரண்டு கொத்தனாரோடு போய்ச் சிமெண்டுத் தோலை உரித்தோம். உப்பி நின்றதால் பலகை பலகையாக வந்தது. முதல் பலகை விழுந்தபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். உள்ளே முருகைக்கல். கடலில் விளைகிற பவளக்கல்லை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு கல்லில் பூப்பூவாக, ஒரு கல்லில் தேன்கூடாக, ஒரு கல்லில் குழந்தை கையால் மாவில் கோடு இழுத்த மாதிரி. இணைப்புச் சாந்தில் சிப்பிச் சில்லு மினுங்கியது. முத்துக்குளிப்புச் சலாபம் நடந்த காலத்தில் கரையில் மலையாகக் குவிந்த சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. சரியாக வேகாத துண்டுகள் அங்கங்கே பளபளவென்று. கொத்தனார் ஒருவர், "இது சுவரா, நகைக்கடையா?" என்றார். தண்டல் பின்கட்டில் இருந்து கம்பை ஊன்றி வந்து, பிறந்ததில் இருந்து தான் சாய்ந்திருந்த சுவரை முதல்தடவையாகப் பார்த்தார். ஒரு கல்லில் இருந்த பூவை விரலால் தடவிப் பார்த்தார்.

கல்லில் உண்மையான விரிசல் ஒன்று இருந்தது. ஜன்னல் வளைவுக்கு மேலே, சாண் அளவு. அதற்குள்ளே பழைய சுண்ணாம்பு அடைத்திருந்தார்கள். யாரோ எப்போதோ பார்த்துச் சரிபண்ணியது. அதன் குறுக்கே ஒன்றும், பூச்சில் விரிசல் ஓடிய வழியில் கல் இணைப்புகளின் குறுக்கே ஆறுமாக, கல்லைத் துடைத்து, கல்லைத் தொட்டு, ஏழு கண்ணாடி ஒட்டினோம். ஓவர்சியர் பக்கத்தில் நின்றார். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை சொன்னோம். புத்தகத்தில் 'ஒட்டிய இடம்' கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதினைந்து நாளும் சும்மா இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் ஓவர்சியர். இந்த ஒரு வீட்டைப் பார்த்தால் இந்த வீடுதான் தெரியும், கூடப்பிறந்ததையும் பார்க்க வேண்டும் என்று நாலு தெருவையும் அளக்க ஆரம்பித்தோம். அப்போது எனக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை போகவில்லை.

அந்தத் தெருக்கள் நேராக இல்லை. கொஞ்சம் கோணலாகப் போகின்றன. இடம் பற்றாமல் அப்படிப் போட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. கடலில் இருந்து வரும் கொண்டல் காற்று நேராக முன்வாசலில் நுழைகிற மாதிரி தெருவையே திருப்பியிருக்கிறார்கள். முன்வாசல், ஹால் வாசல், நடுவாசல், பின்வாசல் நாலும் ஒரே கோட்டில். அடுக்களையில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்குக் கடல் தெரியும். நான் ஒவ்வொரு வீட்டிலும் பின்வாசலில் போய் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்றைச் சோதித்தேன். "உத்தியோகம் நல்லா நடக்கு" என்று ஒரு வீட்டு அம்மா சொன்னார்.

மொட்டைமாடியில் எல்லா வீட்டுக்கும் ஒரு மரக்கூண்டு உண்டு, நாலு பக்கமும் ஜன்னலோடு. புறாக்கூண்டு என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தோம். அது கப்பல் பார்க்கிற கூண்டு. நம் பழைய துறையில் ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். எந்தக் கப்பல் வந்தது என்று முதலில் கண்டவன் தோணியை முதலில் விடுவான். வீடு கட்டும்போதே கண்ணையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே போனால்தான் யார் வீடு என்று சொல்லலாம். வெள்ளைக்காரர் கட்டியதில் அடுக்களை வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும். தோணிக்காரக் குடும்பத்தில் ஹாலில் சுரூபத்துக்கு மாடம். வியாபாரி வீட்டில் முன்னறையே சரக்கறை, பின்னால் சாமி அறை. கொத்தன் கைவேலை மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்று. ஒரே கூட்டம்தான் கட்டியிருக்கிறது.

இவ்வளவு கல் எப்படி வந்தது என்று தண்டலிடம் கேட்டேன். அதுவரை கேலியாகவே பேசியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் தோணிகள் வைத்திருந்தவராம். பஞ்சுப் பொதியை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் இறக்குவார்கள். கப்பலில் சரக்கு இல்லாத நாளில் தோணி வெறுமையாகத் திரும்ப வேண்டும்.

"வெறுந்தோணி ஆடும் வே, கவுந்துரும். பாரம் வேணும். வார வழியில தீவுல நிறுத்தி முருகைக்கல்ல ஏத்திட்டு வருவாங்க. அந்தப் பாரந்தான் இந்த வீடு."

அந்தக் கல்லை அப்படியே கட்டமாட்டார்களாம். மேட்டில் போட்டு இரண்டு மழைக்காலம் நனையவிட்டு, உப்பு போன பிறகுதான் கொத்துவார்களாம். நாலு தெருவும், சரக்கில்லாமல் திரும்பிய தோணிகளில் வந்து இறங்கியது. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் என் வீட்டுக்காரிக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கல்லைக் கடலில் இருந்து எடுக்கக்கூடாது, அது சரிதான்.

இன்னொன்றும் கண்டோம், அதுதான் ஓவர்சியர் தேடியது. சிமெண்டு பூசிய வீடுகள் டீச்சர் வீட்டோடு சேர்த்து நாலு. நாலிலும் மின்னல் விரிசல். சுண்ணாம்போடு விட்ட வீடுகளில் ஒன்றில்கூட இல்லை. ஓவர்சியர் அதைப் படமாகப் போட்டு நாலு வீட்டுக்கும் சிவப்பு மை வைத்தார். மற்ற மூன்றும் இடிக்கிற பட்டியலில் இருந்தவைதான்.

நடுவில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. காற்று சுழன்றதில், உரித்துப் போட்ட சுவர் மேலேயே நேராக அடித்தது. நான் தினமும் காலையில் விபூதி பூசிய கையோடு தோணிமேட்டுக்குப் போவேன். முருகனிடம் இப்போதும் பேசினேன். ஆனால் கண்ணாடி உடையக்கூடாது என்று கேட்கவில்லை. "சுவர் என்ன சொல்லுதோ, அதை அப்படியே காட்டுப்பா" என்றேன். அது கஷ்டமான வேண்டுதல். மழையில் குடையோடு நின்று, ஒவ்வொரு துண்டாகக் குனிந்து பார்ப்பேன். டீச்சர் பின்கட்டு ஜன்னலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் ஜன்னலை விட்டு நகருவார்.

பதினைந்தாம் நாள் வெயில் வந்தது. என்ஜினீயர் அவரே ஜீப்பில் வந்தார். தண்டல் வராந்தாவில். டீச்சர் படியில், கையில் சேலையில் சுற்றிய சுரூபம். அதை வைப்பதா, கொண்டுபோவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஓவர்சியர் சாவியை எடுத்து, காதைக் கல்லோடு வைத்து, நாலு தட்டு தட்டினார். நகர்ந்து நாலு. இந்தத் தடவை ஒரே சத்தம், எனக்கே கேட்டது. பிறகு புத்தகத்தைத் திறந்து என்னைப் பார்த்தார்.

முதல் துண்டைக் குனிந்து பார்த்தேன். விரல் நுனியால் தடவினேன். "முழுசு" என்றேன். ஓவர்சியர் திருப்பிச் சொன்னார். நான் மறுபடி சொன்னேன். இரண்டாவது முழுசு. மூன்றாவது முழுசு. ஆறு வரைக்கும் அப்படியே போனது. ஏழாவது ஜன்னல் வளைவுக்கு மேலே, அந்தப் பழைய விரிசலுக்குக் குறுக்கே. ஏணியில் ஏறினேன். கண்ணாடியில் வெயில் அடித்துக் கண் கூசியது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

"முழுசு."

ஓவர்சியர் இந்தத் தடவை தான் சொல்லாமல் என்ஜினீயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜினீயர் தொப்பியைக் கழற்றினார்.

"முழுசு" என்றார்.

"முழுசு" என்றேன்.

டீச்சர் உள்ளே போனார். சேலையை அவிழ்க்கிற சத்தமும், மாடத்தில் சுரூபத்தை வைக்கிற சத்தமும் கேட்டன. தண்டல், "ஜாதகம் நல்லாருக்குன்னு முதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கு என்ன வே?" என்றார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி ஏணியில் இருந்து இறங்கினேன்.

ஓவர்சியர் புத்தகத்தையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார். ஒரு கட்டத்தைத் தவிர எல்லாம் நிரப்பியிருந்தது. படியில் உட்கார்ந்து, 'ஒட்டிய இடம்' என்பதற்கு நேரே, ஏழு வரியிலும் 'கல்' என்று எழுதினேன்.